நவ்ரஸ் எங்கே ஒழுகுகிறது

காப்பி போடலாமென்று படகின் வலப்பக்கப் படிகளில் இறங்கிய ரபீக்காவின் வெறுங்கால் சில்லென்று தண்ணீரில் பதிந்தது. தரைப்பலகை முழுகியிருந்தது. முந்தின நாள் கழற்றிப்போட்ட செருப்பு ஒன்று அடுப்புக்குக் கீழே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பதறவில்லை. மேலே பார்த்து, "நாஜி, கொஞ்சம் இறங்கி வா," என்று மட்டும் சொன்னாள்.

அவள் கணவன் நாஜி வந்து, கடைசிப் படியிலேயே நின்று, தண்ணீரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"உன் அண்ணன்," என்றான்.

மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை வெளியேற்றப் போய்விட்டான். ஆனால் அந்த இரண்டு சொல் ரபீக்காவின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

நவ்ரஸ் முப்பத்தொரு வயதான கேட்டமரான் பாய்ப்படகு. ஒரு தளத்துக்குக் கீழே இரண்டு உடல். இரண்டுக்கும் நடுவே முன்பக்கம் வலை. கெர்கெனாத் தீவுகளின் அத்தாயா துறைமுகத்து மீனவர்கள் அதற்குக் 'கால்சட்டை' என்று பெயர் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடம் அதை ஓட்டியவர் ரபீக்காவின் அண்ணன் ஹமாதி. போன இலையுதிர் காலத்தில் முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபோது, வெளியாளுக்குக் கொடுக்க மனமில்லாமல் தங்கைக்கும் தங்கை கணவனுக்கும் விற்றார். நாஜி இருபத்துநாலு வருடம் அக்கரையிலுள்ள ஸ்பாக்ஸ் நகரத்தில் பஸ் ஓட்டியவன். ரபீக்கா ஓர் ஒலிவ எண்ணெய் ஆலையின் பரிசோதனை அறையில் வேலை பார்த்தவள். இருவரும் வேலையை விட்டுவிட்டு, கோடையில் பிரான்ஸிலிருந்து ஊருக்கு வரும் குடும்பங்களுக்குத் தீவுகளைச் சுற்றிக் காட்டலாமென்று வந்திருந்தார்கள். ஜூன் முதல் வாரம் லியோன்காரக் குடும்பம் ஒன்று வருவதாகச் சொல்லியிருந்தது. இப்போது மே பாதி.

தண்ணீர் வடிந்ததும் ரபீக்கா தரைப்பலகையைத் தூக்கினாள். அடியில் மிச்சம் தேங்கியிருந்ததில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள்.

"சீ, அதைப் போய் வாயில வைக்கிற," என்றான் நாஜி.

"இருபது வருஷம் ஊர் எண்ணெயெல்லாம் நக்கிப் பார்த்தவ நான். இது என்ன." அவள் இன்னொரு தடவை தொட்டு வைத்தாள். "உப்பு இருக்கு. ஆனா கடலோட உப்பு இல்ல. யாரோ நல்ல தண்ணிய ஊத்தி விளாவின மாதிரி இருக்கு."

"மழைத்தண்ணியா இருக்கும்."

"மூணு வாரமா மழை எங்க பெஞ்சுது? டேங்கும் ஒழுகுது, கடலும் வருது. ரெண்டு இடம்."

"ஒரு ஓட்டைக்கே வழியக் காணோம். நீ ரெண்டாக் கண்டுபிடிக்கிற," என்றான் அவன். ஆனாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தான்.

முதல் ஓட்டை சுலபமாகவே அகப்பட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்த குடிநீர்த் தொட்டியின் குழாயை இறுக்கிப் பிடித்திருந்த வளையம் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. குழாய் வழியே சொட்டுச் சொட்டாக வடிந்த தண்ணீர் சுவரோடு சுவராக இறங்கி அடியில் சேர்ந்திருந்தது. நாஜி புது வளையம் போட்டு இறுக்கினான். ரபீக்கா பஞ்சாலும் பழைய துண்டுகளாலும் அடிப்பகுதியை ஒற்றி ஒற்றி எடுத்தாள். துடைத்த இடத்தில் புழுதி பறக்கும் என்று சொல்லும்படி காய்ந்துவிட்டது.

அடுத்த நாள் காலை பலகையைத் தூக்கினால் மறுபடியும் நாலு விரல் தண்ணீர். இந்தத் தடவை அவள் நாக்கில் வைத்ததும் முகம் சுளித்தாள். கலப்பில்லாத கடல்.

"இங்க வா. இதைப் பாரு," என்றான் நாஜி. இறைத்த பிறகு, டார்ச்சை அடிப்பகுதியின் மையத்தில் பிடித்திருந்தான். அங்கே இரண்டு சாண் நீளத்துக்கு ஒட்டுப்போட்ட இடம் ஒன்று இருந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை. அது மட்டும் பழைய வெண்ணெய் நிறம். மிச்சத் தண்ணீர் சரியாக அதன் மேல்தான் நின்றிருந்தது.

"படகைக் கொடுக்கறப்போ உன் அண்ணன் என்ன சொன்னான்? 'ஒரு தடவை பாறையில லேசா உரசிச்சு.' இது உரசலா? சொல்லு ரபீக்கா, இது உரசலா?"

அது உரசல் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

"தண்ணி அங்க நிக்குதுங்கறதால அங்கதான் வந்துச்சுன்னு அர்த்தமில்ல," என்றாள் கடைசியில். "அதுதான் படகுலயே பள்ளமான இடம். எங்க வந்தாலும் அங்கதான் போய் நிக்கும்."

"சரிதான். அவனுக்கு வக்கீலாப் போயிடு."

நாஜி போனை எடுத்துக்கொண்டு தளத்துக்கு ஏறினான். ரபீக்கா கீழே ஈரத் துண்டைப் பிழிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் உரக்கப் பேசவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. "மச்சான், என்னை விடு, நான் வேற வீட்டுக்காரன். அவ உன் கூடப் பிறந்தவ. முழுகற படகைத் தங்கச்சி தலையில கட்டறதுக்கு உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று அவன் கேட்டது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது.

அவளுக்குப் படகைப் பற்றிய கவலைகூட அப்போது இல்லை. இது உண்மையாக இருந்தால் அடுத்த பெருநாளுக்கு நாஜி அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டான். அண்ணனும் இங்கே வரமாட்டார். இனி ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு சாவிலும் இவள் யார் பக்கம் உட்காருவதென்று எல்லோரும் கவனிப்பார்கள். இன்னும் பெரிய பயம் ஒன்று இருந்தது. அண்ணன் அப்படிச் செய்யக்கூடியவரா என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது, 'இல்லை' என்ற பதில் அவளுக்கு உடனே வரவில்லை.

நாஜி இறங்கி வந்தான்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. 'சனிக்கிழமை கடல் நல்லா வத்தும். படகை மணல்ல ஏத்தி வை, முதல் ஃபெர்ரிக்கு வரேன்'னான். போனை வச்சுட்டான்."

வெள்ளிக்கிழமை மாலை கடல் நிரம்பி நின்ற நேரத்தில், துறைமுகத்துக்குக் கிழக்கே மணல் திட்டின்மேல் நவ்ரஸைக் கொண்டுபோய், முன்னும் பின்னும் நங்கூரம் போட்டார்கள். கெர்கெனாவில் பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றினால் கரையிலிருந்து வெகுதூரத்துக்கு நடந்தே போகலாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நவ்ரஸ் தன் இரண்டு குட்டை அடிக்கட்டைகளின்மேல் மாடு மாதிரி நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் கணுக்கால் தண்ணீர். உடல்களின் அடிவயிறு இரண்டும் காற்றில் தெரிந்தன.

ஹமாதி வாடகைக் காரிலிருந்து இறங்கி, தோளில் கனமான பையோடு, வலது காலை இழுத்து இழுத்துத் தண்ணீரில் நடந்து வந்தார். தங்கையின் நெற்றியில் முத்தமிட்டார். நாஜியைப் பார்க்கவில்லை. பையைத் திறந்து ஃபைபர் வெட்டும் மெஷினை எடுத்தார். அதன்பின் ஒட்டுப்போடக் கண்ணாடி இழைத் துணிச் சுருள், ரெசின் டப்பாக்கள்.

"ஜெனரேட்டரைப் போடச் சொல்லு," என்றார் ரபீக்காவிடம். "நான் போட்ட ஒட்டை நானே வெட்டிக் காட்டறேன். உள்ள ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் படகை நான் திரும்ப எடுத்துக்கறேன். மண்டியிட்டு மன்னிப்பும் கேக்கறேன், இந்தக் காலோட."

"வெட்டு. நானும் அதுக்குத்தான் நிக்கறேன்," என்றான் நாஜி.

ரபீக்கா நடுவில் வந்து மெஷினின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. அஞ்சு மணி நேரத்துல கடல் திரும்பி வந்துடும். ஒட்டு நல்லாவே இருந்துச்சுன்னு வச்சுக்குங்க, வெட்டினதுக்கு அப்புறம் அது ஓட்டைதான். அப்ப யாரை யார் திட்டுவீங்க?" அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்தாள். ரம்லா கடைவீதியில் வாங்கிய, பலகாரத்துக்குப் போடும் சிவப்புச் சாயம். "வெளியேருந்து உள்ள வர்ற தண்ணி, உள்ள ஊத்தினா வெளிய வந்துதானே ஆகணும். வர்ற இடத்தை என் கண்ணால பாக்கறேன். அப்புறம் வெட்டுங்க, குத்துங்க."

ஹமாதி மெஷினைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "சரி," என்றார். நாஜி வாளியைத் தேடிப் போனான்.

ரபீக்கா வலது உடலின் அடிவயிற்றை முழுக்கத் துணியால் ஒற்றிக் காயவைத்தாள். அதன் நீல வண்ணப்பூச்சின்மேல் கோதுமை மாவை எடுத்துத் தட்டித் தட்டி அப்பினாள். நாஜி கடல் தண்ணீரை மொண்டு மொண்டு மேலே நீட்டினான். குனிய முடியாத ஹமாதி உள்ளே படியில் உட்கார்ந்தபடி சாயத்தைக் கலந்து ஊற்றினார். வாளி கைமாறும்போது இருவரும் முகம் பார்க்கவில்லை. ஆனால் ஒரு வாளிகூடச் சிந்தவில்லை.

இருபது வாளி போனது. "ஒட்டு முழுகிடுச்சு," என்று உள்ளிருந்து ஹமாதியின் குரல் வந்தது.

ரபீக்கா ஒட்டுக்கு நேர் கீழே குந்தி உட்கார்ந்தாள். வெளிப்பக்கமும் அதே இடம் லேசாக மேடு தட்டியிருந்தது. மாவை அங்கே இரண்டு மடங்கு அப்பியிருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பின்னால் நாஜி நின்று மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவள் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அந்த நேரம் பார்த்துச் சிவந்துவிடுமோ என்று இருந்தது.

இருபது நிமிடம் ஆனது.

"என்ன ஆச்சு? ஏதாவது சொல்லித் தொலையேன்," என்றார் மேலே ஹமாதி. அவர் குரலும் சரியாக இல்லை.

"காஞ்சு கிடக்கு," என்றாள் ரபீக்கா. இன்னொரு தடவை, இந்த முறை தனக்காகவே, "காஞ்சு கிடக்கு," என்றாள்.

நாஜி குனிந்து வந்து, ஒட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுத்துப் பார்த்தான். கையெல்லாம் வெறும் மாவு.

"அப்போ எங்கதான் வருது?" என்றான். சண்டைக்காரனின் குரலாக அது இல்லை.

"இன்னும் ஊத்துங்க. மேல ஏற ஏறத்தான் தெரியும்."

மறுபடி வாளிகள் போயின. உள்ளே தண்ணீர் உயர்ந்து, தடுப்புச் சுவரின் அடியிலிருந்த சிறு துவாரம் வழியாக முன்னறைக்குப் போக ஆரம்பித்தது. அங்கேதான் உயிர்காப்பு உடைகளும் பாய் மூட்டைகளும் கூரைவரை அடைத்துக் கிடந்தன. முப்பதாவது வாளிக்குப் பிறகு ரபீக்காவின் ஓரக்கண்ணில் ஏதோ பட்டது. வெகு முன்னால், அடிக்கட்டைக்கும் இரண்டு ஆள் நீளம் தள்ளி, வெள்ளை மாவில் ஒரு சிவப்புப் பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பருத்துச் சொட்டியது. உடனே அதே இடத்தில் இன்னொன்று ஊறியது.

உள்ளங்கை அளவு கறுப்பு வில்லை ஒன்றின் விளிம்பிலிருந்து வந்தது அது. கடலின் ஆழம் காட்டும் கருவி.

ரபீக்கா நாஜியைத் திரும்பிப் பார்த்தாள். நாஜி அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுமடல் சிவந்தது.

"எங்க? எங்க வருது?" என்றார் ஹமாதி.

"நாஜி சொல்லுவான்," என்றாள் ரபீக்கா.

நாஜி தொண்டையைச் செருமினான். "ஆழமானிகிட்ட."

"எந்த ஆழமானி? என் காலத்துல அதெல்லாம் இல்லையே. ஒரு கயித்துல ஈயக்குண்டு கட்டி விடுவேன்."

"நான் மார்ச் மாசம் போட்டேன். இதே மணல்ல வச்சு."

"ஓட்டை போட்டியா?"

"ஓட்டை போடாம எப்படி மாட்டறது?"

"சரி. என்ன பசை வச்ச?"

நாஜி விரலால் அந்தச் சொட்டைத் துடைத்தான். "வீட்டுல குளியலறைக்கு வாங்கின சிலிக்கான். பாதி மிச்சமிருந்துச்சு."

மேலே ஹமாதியின் தலை தளத்தின் விளிம்பில் தெரிந்தது. அவர் முகம் என்னமோ ஆகிக்கொண்டிருந்தது. முதலில் அழுகிறாரென்றே ரபீக்கா நினைத்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து அவளுக்கும் வந்துவிட்டது. மூன்று நாளாக உள்ளே அடைத்துக்கிடந்தது எல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ட்யூபுல 'தண்ணி புகாது'ன்னுதான் போட்டிருந்துச்சு," என்றான் நாஜி.

"உன் குளியலறைய யாராச்சும் கடல்ல இறக்கினாங்களா? ரெண்டு மாசம் தாங்கினதே பெருசுடா."

அந்த 'டா' வந்ததும் ரபீக்காவுக்கு மூச்சு நேராக வந்தது. அண்ணன் கோபமாக இருக்கும்போது யாரையும் 'டா' போடமாட்டார்.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. உள்ளே ஊற்றியதையெல்லாம் இறைத்துக் கொட்டினார்கள். சுற்றியிருந்த கடல் கொஞ்ச நேரம் ரோஜா நிறத்தில் நின்றது. நாஜி முன்னறை மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டு, உள்பக்கத்து நட்டைக் கழற்றி, கருவியை உருவினான். சிலிக்கான் பிடிப்பே இல்லாமல் ரப்பர் மாதிரி உரிந்து வந்தது.

"ஒரு இழை விடாம எடுக்கணும்," என்றார் ஹமாதி. இப்போது படகுக்கு அடியில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "அது இருந்த இடத்துல வேற எதுவும் ஒட்டாது."

நாஜி பிளேடால் சுரண்டினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். தின்னரில் துடைத்தான். ஹமாதி விரலால் தடவிப் பார்த்தார்.

"வழுவழுங்குது. திரும்ப."

மறுபடி தேய்த்தான்.

"இந்த ஓரம் இன்னும் இருக்கு. திரும்ப."

மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் அவர் தலையாட்டினார். பிறகு ஒரு கரண்டியின் காம்பால் துளையைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் டக் டக்கென்று சுத்தமான சத்தம். "ஈரம் சுவருக்குள்ள போகல. அல்ஹம்துலில்லாஹ்." பெட்டியைப் பின்னே நகர்த்திப்போய் உட்கார்ந்து, தான் போட்ட ஒட்டிலும் இரண்டு தட்டுத் தட்டினார். அங்கே சத்தம் இன்னும் கெட்டியாகக் கேட்டது.

ரபீக்கா அதைக் கவனித்தாள். "அண்ணா, உரசல்னு சொன்னியே. இது ரெண்டு சாண் இருக்கு."

ஹமாதி கரண்டியை மடியில் வைத்தார்.

"பிளவுதான்," என்றார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி, கிராத்தன் பக்கம். உள்ள நாலு, வெளிய நாலு, எட்டு அடுக்கு துணி போட்டேன். இந்தப் படகுலயே கெட்டியான இடம் அதுதான். பிளவுன்னு சொன்னா நீ பயந்து வேண்டாம்னுடுவேன்னு நினைச்சேன்."

"கெட்டிதான், இப்ப பாத்தேன். அப்பவே சொல்லியிருந்தா இந்த மூணு நாளும் நான் தூங்கியிருப்பேன். அவன் கேட்டப்ப எனக்குப் பதில் தெரியலை. உன்னைப் பத்தி எனக்கே பதில் தெரியலை, அண்ணா. அது எப்படி இருந்துச்சு தெரியுமா?"

அவர் தங்கையின் முகத்தை நேராகப் பார்க்கச் சிரமப்பட்டார். "சொல்லியிருக்கணும்," என்றார். "தப்புதான்."

நாஜி தின்னர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி நின்றான். இப்போது அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக ரபீக்கா மனதுக்குள் அவனுக்கு ஒரு நன்றி சொன்னாள்.

கடல் திரும்ப ஆரம்பித்திருந்தது. கணுக்காலில் இருந்த தண்ணீர் ஆடுசதைக்கு ஏறியது. ஹமாதியின் பைக்குள் படகுக்கென்றே உள்ள பசை இரண்டு ட்யூப் இருந்தது. ஈரம் பட்டால் இன்னும் நன்றாக இறுகுகிற வகை. கருவியின் கழுத்தைச் சுற்றி அவரே கனமாகப் பூசிக் கொடுத்தார். நாஜி தண்ணீரில் மல்லாந்து படுத்து, ஒரு காது முழுக, கருவியைக் கீழிருந்து துளைக்குள் ஏற்றிப் பிடித்தான். முன்னறைக் கட்டிலுக்கு அடியில் உள்பக்கத்து வேலை ரபீக்காவுடையது. அவள் ஸ்பானரோடு குப்புறப் படுத்து நட்டைத் திருகினாள்.

"இறுக்கு," என்று வெளியிலிருந்து அண்ணன் சொன்னார். "இன்னும். இன்னும் கொஞ்சம். போதும், நிறுத்து. பசை பூராவையும் பிதுக்கி வெளிய தள்ளிடாதே. நாளைக்கு அரைச் சுத்து இறுக்கினா போதும்."

"காதுல தண்ணி போயிடுச்சு," என்றான் நாஜி.

"போகட்டும். அந்தக் காதுலதான் உனக்கு யார் சொல்றதும் ஏறாது," என்றாள் ரபீக்கா, ஃபைபர் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் மூவரும் மேலே ஏறினார்கள். காய்ந்த பேய்க்கணவாயைப் போட்டு அவள் காலையிலேயே பார்லிக் கஞ்சி வைத்திருந்தாள். ரொட்டியும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் எடுத்து வைத்தாள். ஹமாதி பசியோடு சாப்பிட்டார். நாஜி ரொட்டியைப் பிய்த்துக் கையிலேயே வைத்திருந்தான்.

"மச்சான், போன்ல நான் பேசினது..."

"எனக்குக் காது மந்தம். போன்ல சரியாக் கேக்கறதில்ல."

"கேக்காட்டியும் நான் சொல்லித்தான் ஆகணும்."

ஹமாதி கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, சொல்லு."

"நீ அப்படிச் செஞ்சிருப்பேன்னு நினைச்சேன். நினைச்சதோட நிக்காம வாய்விட்டும் சொன்னேன். ஓட்டை போட்டது நான். என்னை மன்னிச்சுடு."

"நானும் மறைச்சேன். நீ சந்தேகப்பட்டதுல பாதி என் கைங்கரியம். இப்பச் சாப்பிடு, கஞ்சி ஆறுது."

மூன்றரை மணிக்கு அடிக்கட்டைகள் மணலில் டொக் டொக்கென்று மோதத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் மோதல் நின்று நவ்ரஸ் மிதந்தது. ரபீக்கா முன்னறைக்குள் தவழ்ந்து போய், நட்டைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தை வளையமாக வைத்தாள். ஒரு சொட்டு வந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். டார்ச்சை அடித்தபடி அங்கேயே படுத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சளக் சளக்கென்று அடித்தது. காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அரைமணி போனது, ஒருமணி போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் உடம்பு ஒவ்வொரு மூட்டாகத் தளர்ந்தது. டார்ச் கையிலிருக்க அப்படியே தூங்கிப்போனாள்.

யாரும் அவளை எழுப்பவில்லை. விழித்தபோது மேலே இரண்டு ஆண்களும் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கடைசி ஃபெர்ரி போய்விட்டிருந்தது. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் காலையும் காகிதம் உலர்ந்தே இருந்தது. ரபீக்கா நட்டை அரைச் சுற்று இறுக்கினாள். தரைப்பலகையைத் தூக்கி அடியில் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். கையில் கொஞ்சம் மாவுப் புழுதியும், எங்கிருந்தோ விழுந்த ஒரு ஒலிவக் கொட்டையும் வந்தன.

ஹமாதி கிளம்பும்போது நாஜி அவர் பையைத் தூக்கிக்கொண்டான்.

"ஜூன் முதல் வாரம் வரேன்," என்றார் ஹமாதி. "லியோன்காரங்க வர்றப்ப ரெண்டு நாள் கூட இருக்கேன்."

"எதுக்கு? நான் ஓட்டமாட்டேனா?"

"ஓட்டுவே. முந்தாநாள் நீ மணல்ல ஏத்தினதைப் பத்தி இவ சொன்னா. பஸ் ஸ்டாண்டுல நிறுத்தற மாதிரி நிறுத்தினியாமே."

நாஜி மறுக்கவில்லை. வாடகைக் காரின் பின்பக்கம் பையை வைத்துக் கதவைச் சாத்தினான். பிறகு குனிந்து ஜன்னல் வழியாக, "வர்றப்ப அந்தப் பசை இன்னும் ரெண்டு ட்யூப் வாங்கிட்டு வா மச்சான்," என்றான். "இடப்பக்கம் தண்ணிக்கு அடியில ஒரு விளக்கு மாட்டினேன். அதையும் ஒரு தடவை பாத்துடலாம்."